அளவுக்கு வந்த சட்டை

இந்த நாட்டில் முன்பின் தெரியாதவரை யாரும் தொடமாட்டார்கள். நோர்வேயின் மேற்குக் கரையில் பேர்கன் என்ற மழை நகரத்தில் நான் இருக்கிறேன். மேல்வீட்டுக்காரர் படியில் எதிர்ப்பட்டால் சுவரைப் பார்த்துக்கொண்டு இறங்குவார். அப்படிப்பட்ட ஊரில், ஒரு மாரி நாளில், கடையில் வரிசையில் நின்றபோது பின்னால் நின்ற ஒரு வயதான அம்மா என் கோட்டின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். உள்பக்கத் தையலை நகத்தால் நீவினார். எங்கே வாங்கினாய் என்று கேட்டார். வாங்கவில்லை, நானே தைத்தேன் என்று எனக்குத் தெரிந்த நோர்வேஜிய மொழியில் சொன்னேன். முகம் மலர்ந்து தலையாட்டிவிட்டுப் போனார். அடுத்த கிழமை அதே கடை வாசலில் எனக்காகக் காத்து நிற்கிறார், கையில் ஒரு பை. பைக்குள் காற்சட்டைகள், எல்லாவற்றுக்கும் கால் நீளம் கூடவாம். என்னைத் தையற்கடைக்காரன் என்று எண்ணிவிட்டார். இல்லையென்று விளக்க என்னிடம் பாஷை போதாது. வாங்கிக்கொண்டு வந்து மடித்துத் தைத்துக் கொடுத்தேன். ஒரு போத்தல் ஜாம் தந்தார். அவர் வீட்டில் காய்ச்சியதாம். "யெம்மலாகெட்" என்றார். வீட்டில் செய்தது என்று அர்த்தம். இந்தச் சொல்லை இவர்கள் சொல்லும்போது கோயில் பிரசாதத்தைக் கையில் வைத்திருப்பதுபோலச் சொல்வார்கள். எங்கள் ஊரில் "வீட்டில தைச்சது" என்று சொல்லிப் பாருங்கள், எதிரில் நிற்பவரின் பார்வை நேரே உங்கள் பொக்கற்றுக்குப் போகும், அதற்குள் ஏதாவது இருக்கிறதா இல்லையா என்று.

நான் ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. அதைச் சொல்ல எனக்கு வெட்கமும் இல்லை. ஆனால் இன்றைக்கு என் உடம்பில் சப்பாத்தையும் காலுறையையும் தவிர மற்றதெல்லாம் என் கண் பார்த்து, என் கை வெட்டி, என் கை தைத்தவை. சேட், நீளக் காற்சட்டை, கம்பளிக் கோட், உள்ளுடுப்புக்கூட. மழைக்கோட்டை யாரோ எறிந்துவிட்டுப் போன கூடாரத் துணியில் தைத்தேன். தையல் ஓடிய இடமெல்லாம் மெழுகு தேய்த்து, மேலே நாடா வைத்து அழுத்தினேன். பேர்கன் மழை மேலிருந்து மட்டும் பெய்யாது, பக்கத்தாலும் வரும், காற்று அடித்தால் கீழிருந்தும் வரும். அந்த மழைக்குள் பஸ்ஸுக்கு நின்றேன். பெரிய பெயர் போட்ட கடைக் கோட்டுக்காரன் என் பக்கத்தில் கழுத்துக்குள் ஈரம் இறங்கிச் சிலிர்த்துக்கொண்டு நின்றான். எனக்கு உள்ளே ஒரு துளி இல்லை. இதைப் பெருமை என்றால் பெருமைதான். பெருமைப்பட ஏதோ ஒன்று கையில் இருக்கிறவன் பெருமைப்படட்டுமே.

கடை உடுப்பை யாருக்காகத் தைக்கிறார்கள் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். எனக்காக இல்லை. மீன் பெட்டி தூக்கித் தூக்கி அகன்ற முதுகு என்னுடையது. கடைச் சேட்டைப் போட்டுக் கையை உயர்த்தினால் கக்கத்தில் கிழியும். அதனால் நான் கக்கத்தில் ஒரு சின்னச் சாய்சதுரத் துண்டு வைத்துத் தைப்பேன், கையைக் கூரைவரை தூக்கலாம். மூக்குக்கண்ணாடிக்கு உள்பக்கம் ஒரு பொக்கற். மருந்துக் குளிசைக்கு ஒன்று. பஸ் அட்டைக்கு ஒன்று, அது இடுப்பருகில், எடுக்கச் சுகம். பத்திரிகைத் தாளை நிலத்தில் விரித்துச் சோக்கால் கீறுவேன். பிடிக்காவிட்டால் அழித்துக் கீறுவேன். இங்குள்ள எங்கள் ஆட்கள் சிரிப்பார்கள். ஒரு பிறந்தநாள் விழாவில் ஒருவர் கேட்டார்: "அண்ணை, இப்பவும் மெசினோ? கடையில அரைவிலையில அள்ளிக் குடுக்கிறாங்கள்." நான் சொன்னேன்: "அரைவிலையில உம்மட வயித்துக்கு ஏத்தது இருந்ததோ? பொத்தான் ரெண்டும் கையெடுத்துக் கும்பிடுது." மண்டபமே சிரித்தது. பிறகு அவர் இரகசியமாக வந்து தனக்கொரு காற்சட்டை தைத்துத் தர முடியுமா என்று கேட்டதை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. இப்போதுதான் சொல்கிறேன்.

இந்தத் தொழிலை எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. புதுக்குடியிருப்புச் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு தையற்கடையில் பொத்தான் கட்டுகிற வேலைக்குத்தான் போனேன். அப்பா செத்த வருடம் அது. முதலாளி வெட்டும்போது முதுகைக் காட்டிக்கொண்டு வெட்டுவார், தொழிலை நாங்கள் களவெடுத்துவிடுவோம் என்று. கடையில் கழித்துப் போட்ட பழைய சேட்டுகளை நான் வீட்டுக்குக் கொண்டுபோய்த் தையல் தையலாக அவிழ்ப்பேன். துண்டுகளை நிலத்தில் பரப்பி, எது எதோடு சேர்ந்தது என்று பார்ப்பேன். தைத்துப் படித்தவர்கள் இருக்கிறார்கள். நான் அவிழ்த்துப் படித்தவன். முதன்முதலாக முழுதாக நான் தைத்த உடுப்பு என் தம்பி ராசனுக்கு. அவன் பெரிய பள்ளிக்கூடம் போவதற்கு நீளக் காற்சட்டை வேண்டும். வீட்டுக் கதவுச் சீலையைக் கழற்றி வெட்டினேன். நல்ல கபில நிறம், பூப் போட்ட பக்கத்தை உள்ளே விட்டுவிட்டேன். அதைப் போட்டுக்கொண்டு அவன் சந்தை முழுக்கத் திரிந்தான். கேட்டவர்களுக்கும் சொன்னான், கேட்காதவர்களுக்கும் சொன்னான்: "அண்ணை தைச்சது. கடையில வாங்கினதில்லை, அண்ணை தைச்சது." பொக்கற்றை வெளியே இழுத்து அந்தப் பூவையும் காட்டினான். எங்கள் வீட்டு வாசல் அந்த வருடம் முழுக்கச் சீலையில்லாமல் திறந்து கிடந்தது. ராசன் படித்தான். வாத்தியாரானான், பிறகு அதிபரானான். இப்போது ஊரில் அவன் எழுந்தால் மற்றவர்களும் எழுந்து நிற்பார்கள்.

நான் சண்டை தொடங்கிய காலத்தில் வெளிக்கிட்டு, நோர்வேயின் வடக்கே ஒரு தீவில் மீன் தொழிற்சாலையில் வந்து விழுந்தேன். கடலே உறைந்ததுபோல ஓர் ஊர். கிடைத்த சம்பளத்தில் முதல் வாங்கியது ஒரு பழைய தையல் மெசின். இவர்கள் "லொப்பமார்க்கெட்" என்று ஒரு பழம்பொருள் சந்தை வைப்பார்கள், அங்கே யாரும் தொடாமல் கிடந்தது. அந்த மெசினோடுதான் பிறகு பேர்கனுக்கு வந்தேன். கலியாணம் கட்டவில்லை. கட்டவில்லை என்று குறையும் இல்லை, எனக்கு ராசனின் மகன் கபிலன் இருந்தான். சமாதான காலத்தில் ஒருமுறை ஊருக்குப் போனபோது கபிலன் அரைஞாண் கயிற்றோடு முற்றத்தில் ஓடித் திரிந்தான். அதன்பிறகு திரும்பவும் சண்டை. கடைசி மாதங்களில் ராசன் குடும்பத்தோடு முள்ளிவாய்க்கால் கரையில் நின்றான். நான் இங்கே தொலைக்காட்சிக்கு முன்னால் நின்றேன். உயிரோடு வெளியே வந்துவிட்டோம் என்று ஒருநாள் தொலைபேசியில் குரல் கேட்டது. அவ்வளவுதான். அங்கே என்ன நடந்தது என்று ராசன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் அது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. ஒருவர் நொண்டி நடந்தால் எந்த இடத்தில் என்று கேட்கமாட்டோம். ஒரு வீட்டில் படம் மாட்டி மாலை போட்டிருந்தால் யார் என்று கேட்கமாட்டோம். கேட்காமல் விடுவதுதான் மரியாதை. இதை வெளியில் பிறந்தவர்களுக்கு விளங்கப்படுத்த முடியாது.

கபிலனுக்குக் கலியாணம் என்று ராசன் அறிவித்தபோது நான் உடனே சொன்னேன்: "ரிசெப்சன் கோட் என்ர பொறுப்பு. நான் தைக்கிறன்." மறுபக்கம் கொஞ்சம் சத்தமில்லை. பிறகு ராசன், "ஓம் அண்ணை, தையுங்கோ" என்றான். அந்தக் கொஞ்ச நேரச் சத்தமின்மையை நான் நெகிழ்ச்சி என்று எடுத்துக்கொண்டேன். அளவுச் சட்டை ஒன்று அனுப்பு என்றேன். எங்கள் பக்கத்தில் தைக்கக் கொடுக்கிறவர் நாடாவால் உடம்பை அளக்க நிற்கமாட்டார், தனக்கு நன்றாகப் பொருந்துகிற பழைய சட்டை ஒன்றைக் கொடுப்பார். தைக்கிறவன் அதை விரித்து அளந்து புதியதை வெட்டுவான். ஊரிலிருந்து இங்கே வந்த ஒரு பிள்ளையிடம் கொடுத்துவிட்ட சட்டை வந்து சேர்ந்தது. நீலக் கோடு போட்டது. தோய்த்திருந்தது, ஆனால் மடிக்காமல் சுருட்டியிருந்தது.

அதை மேசையில் விரித்தேன். ஒரு சட்டையைப் பார்த்தால் அதற்குள் இருந்த ஆளை நான் சொல்வேன். கொலர் ஒருபக்கம் மட்டும் தேய்ந்திருந்தது. பொத்தான் வரிசை நேரே விழாமல் சரிந்து விழுந்தது. இடது பக்கத் தோளில், உள்ளால், கறுப்பு நூலில் கையால் ஒரு மடிப்புப் பிடித்துத் தைத்திருந்தார்கள். தையற்காரன் கை இல்லை அது. சட்டை அந்தப் பக்கம் வழுகி விழாமல் இருக்க, போடுகிறவனே ஊசி எடுத்துப் பிடித்த மடிப்பு. பிள்ளைக்கு இடது தோள் இல்லை. இருக்கிறது, ஆனால் எலும்பு உடைந்து உள்ளே இறங்கின தோள். அந்த மாதங்களில்தான் நடந்திருக்கும், அவன் சின்னப் பிள்ளை அப்போது. இத்தனை வருடம் ராசன் எனக்குச் சொல்லவில்லை. சொன்னால் அண்ணை தாங்கமாட்டார் என்று மறைத்திருக்கிறான் என்று நினைத்தேன். அதை நினைக்க எனக்கு அழுகையும் வந்தது, சொன்னால் நம்பமாட்டீர்கள், ஒரு சந்தோஷமும் வந்தது. என் மனதை இவ்வளவு பாதுகாக்கிற ஒருவன் எனக்கு இருக்கிறானே என்று.

தொலைபேசியில் வந்த படங்களை எல்லாம் திரும்பவும் எடுத்துப் பார்த்தேன். கபிலன் மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நிற்கிற படம், நண்பர்கள் தோளில் கைபோட்டு நிற்கிற படம். ஒவ்வொன்றிலும் இடது தோள் இறங்கித்தான் தெரிந்தது. தேடுகிற கண்ணுக்கு எதுவும் தெரியும். ஒருநாள் ராசனிடம் வாய்வரை வந்தது. "பிள்ளைக்குத் தோள்..." என்று தொடங்கி, "தோள்பக்கம் கொஞ்சம் அகலமா வைக்கட்டோ?" என்று முடித்தேன். "வைங்கோ அண்ணை, உங்களுக்குத் தெரியாததோ" என்றான். அவனும் மரியாதைக்குக் கதையை மாற்றுகிறான் என்று விளங்கிக்கொண்டேன். பாருங்கள், எவ்வளவு அழகாக நாங்கள் இருவரும் ஒன்றும் பேசாமல் இருந்தோம்.

அந்த மாரி முழுக்க அந்தத் தோளோடுதான் இருந்தேன். சாம்பலும் நீலமும் கலந்த நோர்வேக் கம்பளி வாங்கினேன், மழை ஓய்ந்த அந்தியில் இங்குள்ள கடலின் நிறம். பஞ்சை அப்படியே திணித்தால் தலையணை மாதிரி நிற்கும். நான் கம்பளித் துண்டுகளைச் சிறிதிலிருந்து பெரிதாக ஒன்றின்மேல் ஒன்று வைத்து, ஒவ்வொன்றையும் ஆவி காட்டிக் கையால் அமர்த்தி, ஒரு தோளையே கட்டினேன். முதுகுப்பக்கம் துணியைக் கொஞ்சம் விட்டுப் பிடித்தேன், திரும்பினால் இழுத்துக் காட்டிக்கொடுக்கக் கூடாது. கோட்டின் இடது கையை அரை விரல் உயர்த்தி வைத்தேன். இதை யாரும் எனக்குப் படிப்பிக்கவில்லை. போடுகிறவனுக்கும் தெரியக்கூடாது, பார்க்கிறவனுக்கும் தெரியக்கூடாது. ரிசெப்சன் மேடையில் என் பிள்ளை இரண்டு தோளோடும் நிமிர்ந்து நிற்க வேண்டும். அதுதான் என் வேண்டுதல். அதற்கு மேல் நான் ஒன்றும் கேட்கவில்லை.

ஊருக்குப் போனேன். புதுக்குடியிருப்பு முழுக்க ரியூசன் விளம்பரப் பலகைகள். நான் வேலை செய்த தையற்கடை நின்ற இடத்தில் தொலைபேசி விற்கிறார்கள். ராசனின் வீடு புதுப் பெயின்ற் அடித்து மினுங்கியது. நானே தைத்த பருத்திக் கோட்டோடு வாடகை வானிலிருந்து இறங்கினேன். ராசனின் மனைவி மலர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அத்தான், இதோடயே வந்தனீங்கள்? அங்க கடையள் இல்லையோ?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அறைக்குள் போனால் கட்டிலில் கடைப்பையோடு ஒரு ரெடிமேட் சேட்டும் வேட்டியும் இருந்தன. "கலியாணத்தண்டைக்கு இதைப் போடுங்கோ அத்தான். பொம்பிளை வீட்டு ஆக்கள் கொஞ்சம் பெரிய இடம். நோர்வேயில இருந்து வந்தவர் தைச்ச உடுப்போட நிக்கிறாரெண்டு கதைப்பினம்."

"கதைக்கட்டும் பிள்ளை. எவ்வளவு தையற்கூலி எண்டு கேட்டால் அவையின்ர அளவையும் எடுக்கிறன்" என்றேன். அப்போதும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. கோட்டையும் அளவுச் சட்டையையும் எடுத்துக் கொடுத்தேன். கபிலன் தொட்டுப் பார்த்தான். "நல்ல பாரமா இருக்குப் பெரியப்பா" என்றான். ஒருக்கால் போட்டுப் பார் என்றேன். "வேர்வையா இருக்கு, குளிச்சிட்டுப் போடுறன்" என்றான். மலர் கோட்டை வாங்கி அலுமாரிக்குள் வைத்தார். அளவுச் சட்டை கதிரையின் முதுகில் தொங்கியது.

அன்று பின்னேரம் கபிலன் கிணற்றடியில் குளித்தான். துவாய் கொண்டுபோய்க் கொடுக்கப் போனேன். வெறும் மேலோடு நின்றான். இரண்டு தோளும் அடிமட்டம் வைத்துக் கீறியதுபோல நேராக இருந்தன. ஒரு தழும்பு இல்லை. முதலில் என் நெஞ்சு நிறைந்தது. கடவுளே, பிள்ளைக்கு ஒன்றுமில்லை. பிறகுதான் தலைக்குள் ஏதோ பிசகியது.

"தோள் நோகிறதில்லையோ அப்பு?"

"ஏன் பெரியப்பா, நல்லாத்தானே இருக்கு?"

"சும்மா கேட்டனான்."

சத்திரசிகிச்சை செய்து சரியாக்கியிருப்பார்கள் என்று எனக்கே ஒரு கதை சொன்னேன். மனிதன் ஒன்றை நம்ப முடிவு செய்துவிட்டால் அதற்குப் பிறகு அவனுக்குத் தேவையான நூல் எங்கிருந்தும் கிடைக்கும். தோளை அவிழ்த்து நேராக்கி விடுகிறேன் என்று கோட்டை இரண்டு தரம் கேட்டேன். "அது கிடக்கட்டும் அத்தான், வந்த களைப்பு ஆறுங்கோ" என்று மலர் அலுமாரியைப் பூட்டித் திறப்பை எடுத்துக்கொண்டு போனார்.

ரிசெப்சன் மண்டபத்தில் நான் வாசலில் நின்றேன், என் கையால் தைத்த உடுப்போடுதான். மேளம் அடித்து மாப்பிள்ளையைக் கூட்டி வந்தார்கள். கபிலன் குங்கும நிறத்தில், பொன்னூல் வேலையோடு மினுங்குகிற ஒரு கோட்டுப் போட்டிருந்தான். வவுனியாக் கடைக் கோட். பெண்ணின் சேலை நிறத்துக்குச் சோடி. அளவு எடுத்துத் தைத்தது என்று தூரத்திலிருந்தே தெரிந்தது. படம் எடுக்கும்போது "உயரமான ஆக்கள் பின்னுக்கு" என்று யாரோ சொல்லி என்னைக் கடைசி வரிசையில் விட்டார்கள். நான் உயரமில்லை.

ராசனைப் பக்கத்துக்குக் கூப்பிட்டேன். "தம்பி, நான் தைச்ச கோட் எங்க?"

"அண்ணை, சத்தம் போடாதேங்கோ. இது பொம்பிளை வீட்டார் முதலே ஓடர் குடுத்தது."

"முதலே எண்டால்?"

"நீங்கள் கேக்க முன்னமே. உங்கட மனம் நோகக் கூடாதெண்டுதான் சொல்லேல்லை. வயசு போன நேரத்தில உங்களுக்கும் ஒரு பொழுதுபோக்கு."

பொழுதுபோக்கு. கதவுச் சீலையை வெட்டியபோது எனக்கு அது பொழுதுபோக்காக இருக்கவில்லை. ஆட்கள் அவனைப் பார்த்து எழுந்து நின்றுகொண்டிருந்தார்கள்.

அடுத்த நாள் காலை குசினிக்குள் மலர் தேத்தண்ணி ஊற்றும்போது கேட்டேன். போடப் போவதில்லை என்று தெரிந்தும் ஏன் அளவுச் சட்டை அனுப்பினீர்கள், அது கபிலனின் சட்டையே இல்லையே என்று. மலர் கொஞ்சமும் தடுமாறவில்லை. ஒன்றும் இல்லாத விசயத்துக்கு இந்த மனிதன் ஏன் மினக்கெடுகிறான் என்பதுபோல என்னைப் பார்த்தார். "நீங்கள் கேட்டனீங்கள் எல்லோ அத்தான். கபிலன்ர உடுப்பெல்லாம் வேலையிடத்தில. அந்தப் பிள்ளை பிளேனுக்கு வெளிக்கிட்டு வாசல்ல நிக்குது, கெதியாத் தாங்கோ எண்டு. கொடியில ஒரு சேட் காஞ்சுகொண்டிருந்தது, எடுத்துக் குடுத்திட்டன். எப்பிடியும் போடப் போறேல்லைத்தானே. ஏதோ ஒரு சேட்."

அந்த ஏதோ ஒரு சேட்டோடுதான் நான் ஒரு மாரிகாலம் குடும்பம் நடத்தினேன். அதற்காக அழுதேன். இல்லாத காயத்துக்கு மருந்து தடவினேன். ராசன் என்னைக் காப்பாற்ற எதையும் மறைக்கவில்லை, மறைக்க அவனிடம் ஒன்றும் இருக்கவில்லை. தைத்ததைப் போடவில்லை என்பதைக்கூட நான் பொறுத்திருப்பேன். இளம்பிள்ளைகளுக்கு மினுங்கல் பிடிக்கும். ஆனால் எனக்கு அனுப்புவதற்கு ஒரு சட்டையைத் தெரிந்தெடுக்கக்கூட அந்த வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. இதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை, இன்றைக்கும்.

நாலாம் சடங்கன்று, கலியாணத்துக்குப் பிறகு மீனும் இறைச்சியுமாக மச்சம் சமைக்கிற நாள், முற்றத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. பின்னால் மீன்பெட்டி கட்டியிருந்தது. ஒரு மனிதர் இறங்கி, முதுகைக் காட்டிக்கொண்டு கயிற்றை அவிழ்த்தார். நான் வாசற்படியில் இருந்தேன். எழுந்துவிட்டேன். அந்த முதுகை எனக்குத் தெரியும். அந்த இடது தோள் உள்ளே இறங்கியிருக்கிற ஆழம் எனக்கு விரலளவில் தெரியும். பெட்டியைத் தூக்கும்போது அந்தப் பக்கம் எப்படி முன்னுக்குப் போகும் என்பதுகூடத் தெரியும், அதற்காகத்தான் முதுகில் துணி விட்டுப் பிடித்திருந்தேன். பெயர் அருளப்பு, முள்ளிவாய்க்கால் கடற்கரையில் வீடு, கிறிஸ்தவ வேதக்காரர் என்று மலர் சொன்னார். கலியாணம் நிச்சயமான கையோடு வீட்டுக்குப் பெயின்ற் அடிக்கவும் அவர்தான் வந்தாராம்.

கதிரையிலிருந்த நீலக் கோடு போட்ட சட்டையை எடுத்துக்கொண்டு போனேன். "தம்பி, இது உம்மடையோ?"

"அட! இது எங்க ஐயா கிடந்தது? பெயின்ற் அடிக்கேக்க தோய்ச்சுக் காயப் போட்டனான். காத்து அள்ளிக்கொண்டு போட்டுதெண்டு வேலிக்கு அங்கால எல்லாம் தேடினன்."

"காத்துத்தான். நோர்வே மட்டும் கொண்டு போட்டுது."

அவருக்கு விளங்கவில்லை. நான் விளக்கவும் இல்லை. மலரிடம் திறப்பை வாங்கிக் கோட்டை எடுத்து வந்து, ஒருக்கால் போட்டுப் பாரும் என்றேன். கையைக் கழுவிக்கொண்டு, மீன்மணம் பட்டுவிடும் என்று கூச்சப்பட்டுக்கொண்டு போட்டார். தண்ணீரைச் செம்பில் ஊற்றியதுபோலக் கோட் அவர் உடம்பில் போய் இருந்தது. வீட்டிலிருந்தவர்கள் எல்லாரும் வந்து பார்த்தார்கள். "அருளப்பண்ணை, ரெண்டாம் கலியாணத்துக்குப் பொம்பிளை பாக்கட்டோ?" என்று மலர் சிரித்தார். "முதலாவது காதில விழுந்தா உங்களுக்கு இனி மீன் வராது" என்றார் அருளப்பு. கபிலன் போனில் படம் எடுத்தான். அருளப்பு அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றார். இரண்டு தோளும் ஒரே மட்டத்தில் நின்றன. என் வாழ்நாளில் நான் தைத்தவற்றில் அதுதான் ஆகச் சிறந்தது, இதை நான் யாரிடமும் துணிந்து சொல்வேன்.

நான் அவருடைய சிரிப்புக்காகக் காத்து நின்றேன். அவர் வெகுநேரம் கண்ணாடியைப் பார்த்தார். வலது கையால் இடது தோளை மெதுவாக அமத்திப் பார்த்தார், உள்ளே யார் இருக்கிறார்கள் என்று தேடுவதுபோல.

"நல்ல வேலை ஐயா. கை தெரிஞ்ச ஆள்தான் தைச்சிருக்கிறார்" என்றார். பிறகு ஒவ்வொரு பொத்தானாகக் கழற்றினார். "ஆனா இதுக்குள்ள நிக்கேக்க எனக்கு ஒண்டுமே நடக்கேல்லைப் போல இருக்கு. நடந்தது தானே ஐயா. அந்தக் கரையில என்னோட நிண்டதுகள் என்னை ஆரெண்டு கேக்குங்கள்." கோட்டை மடித்து என் கையில் வைத்தார். தன்னுடைய பழைய சட்டையை வாங்கி, உள்ளே கறுப்பு நூல் மடிப்பு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டுப் பெட்டிக்குள் செருகிக்கொண்டார். "இது எனக்குக் காணும்." மீனை அளந்து கொடுத்துவிட்டு மோட்டார் சைக்கிளை உதைத்தார்.

பிறகு கபிலன் வந்தான். "குடுங்கோ பெரியப்பா, நான் ஒருக்கால் போட்டுப் படம் எடுக்கிறன், உங்களுக்காக." உனக்கு இது சரிவராது அப்பு என்று சொல்லிப் பயணப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன். ராசன் விமான நிலையம்வரை வந்தான். வழி முழுக்க வீதி நன்றாகப் போட்டிருக்கிறார்கள் என்று பேசிக்கொண்டு வந்தோம்.

இங்கே என் அலுமாரியில் இருக்கிற எல்லா உடுப்பும் என் உடம்புக்கு வெட்டியது, அந்த ஒன்றைத் தவிர. ஒரு மாலையில் அவிழ்த்து நேராக்கி விடலாம். நான் அவிழ்த்துப் படித்தவன்தானே. கத்தரிக்கோலை எடுத்தேன். கை போகவில்லை. கட்டிய அந்தத் தோளை அவிழ்த்தால் அந்த மாரிகாலத்தில் நான் யாருக்காக இருந்தேன் என்பதற்கு ஒரு துண்டும் மிஞ்சாது. பூச்சி அரிக்கட்டும் என்று விடவும் மனமில்லை. நல்ல துணி. போன கிழமை குளிர் கூடிய ஒருநாள் அதையே போட்டுக்கொண்டு வெளியே இறங்கினேன். கண்ணாடியில் பார்த்தேன். கோணலை நிமிர்த்தத் தைத்தது என்னைக் கோணலாக்கியிருந்தது. இடது தோள் காதுப்பக்கம் ஏறி நின்றது, வலது தோள் கீழே கிடந்தது. இரண்டு பேரைப் பாதி பாதியாக வெட்டித் தைத்ததுபோல இருந்தேன்.

பஸ்ஸில் ஏறினேன். ஓர் இளம்பெண், இருபது வயதும் இராது, என்னைப் பார்த்தாள். இவர்கள் பார்க்கமாட்டார்கள் என்று சொன்னேனே, அவள் பார்த்தாள். காதிலிருந்ததைக் கழற்றிவிட்டு எழுந்து, தன் இருக்கையைக் கையால் காட்டி, என் இடது தோளைப் பார்த்துக் கேட்டாள்: "ஹார் டு வூன்ட்?" நோகிறதா என்று அர்த்தம். இல்லை, இது கோட்டின் பிழை, இது வேறொருவரின் தோள், என் தோள்கள் இந்த வயதிலும் நல்ல நேர் என்று சொல்ல வாயெடுத்தேன். அவ்வளவுக்குப் பாஷை வரவில்லை. எத்தனையோ வருடத்தில் என்னிடம் ஒருவர் இதைக் கேட்டது இதுதான் முதல்தடவை.

"ஓம்" என்றேன், தமிழில். அவளுக்கு அந்தச் சொல் தெரியாது. ஆனாலும் நான் உட்காரும்வரை என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.